வில்மரம் பிளந்த கானவர்

திருக்கேதீச்சரத்தின் பழைமையைப் பேசுமிடத்து மாந்தைத் துறைமுகத்தையும், சம்பந்தரும் சுந்தரரும் அருளிய பதிகங்களையும் கூறி அமைகின்றோம். துறைக்குப் பின்னால் விரிந்த காட்டை மறந்துவிடுகின்றோம். கண்ணப்ப நாயனாரை வணங்கும் நமக்கு இது தகுமா?

கண்டி இராச்சியத்திலிருந்து தப்பிய ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1679 இல் அருவியாற்றோரமாக நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். வழியில் வேடரின் குழைக் கூடாரங்களைக் கண்டார். வேடர் இரவிலே கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, வேண்டிய அம்பின் வடிவை இலையில் வெட்டி வைத்துச் செல்வர் என்று 1681 இல் வெளிவந்த தமது நூலில் எழுதியுள்ளார்.

அம்புமுனைக்குக் கொல்லன் உண்டு. வில்லுக்கோ மரத்தின் குணம் அறிந்த கை வேண்டும். வில் வளையும்போது அதன் வெளிப்புறம் இழுபடும், உட்புறம் நெருக்குண்ணும். வெளிப்புற நார் குறுக்கே அறுபட்டிருந்தால் அவ்விடத்திலேயே முறியும். வாள் நாரைப் பாராமல் அறுக்கும். ஆப்போ நாரின் வழியே பிளக்கும். ஆதலின் வில்லுக்கு மரத்தைப் பிளப்பதே முறை. பிளவு ஒருபுறம் ஒதுங்கி அப்பக்கம் மெலிந்தால், தடித்த பக்கத்தை வளைத்துப் பிடித்து அதனை நடுவுக்கு மீட்க வேண்டும். நம் வன்னி முதிரையிடம் இதுவும் எளிதிற் பலியாது. அதன் நார் பின்னலானது. இழைத்தபின் தோன்றும் பளபளப்பும் அப்பின்னலாலேயே வருவது. தச்சர் மெச்சும் அழகு வில்லுக்குக் கேடு!

பழந்தமிழர் சிலை என்னும் மரத்தின் பெயராலேயே வில்லையும் சிலை என்றனர். மரமறிந்து பெயரிட்டோர் அவர். செலிக்மன் தம்பதியர் 1911 இல் வேடரைப்பற்றிய நூலை வெளியிட்டபோது, வில்லை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் இலங்கையிற் சிலவே எஞ்சியிருந்தன.