கரிசல் கேசட்டும் சிறு வெளியீட்டின் கணக்கும்

இந்தியாவில் மின்னணு இசையைச் சோதித்துப் பார்த்தவர்களின் கதையை அகமதாபாத்தில் தொடங்குவதே வழக்கம். அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் இசையமைப்பாளர் டேவிட் டியூடர் மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய் முதலானோர் 1972 வரை அங்கே பதிந்த நாடாக்கள் நெடுங்காலம் அலமாரியில் கிடந்து, 2023இல்தான் இசைத்தட்டாக வந்தன. பம்பாயின் சரண்ஜித் சிங் 1982இல் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்த எச்.எம்.வி. தட்டுக்கும் 2010இல் மறுவெளியீடு வந்த பிறகே பேர் கிடைத்தது. இந்த வரிசையில் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களின் அம்மன் பாட்டுக் கேசட்டுக்கு இடமில்லை. இருந்திருக்க வேண்டும் என்கிறேன். அதற்கான நியாயத்தை ரசனையில் தேடுவதைவிட வரவு செலவில் தேடுவது நல்லது.

இசைத்தட்டு ஆலைச் சரக்கு. அச்சு வார்த்து எந்திரத்தில் அழுத்த ஆகும் செலவு ஆயிரக்கணக்கில் விற்றால்தான் தேறும். பிலிப்ஸ் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஒரு மூலப்பிரதியும் நகலெடுக்கும் கருவியும் இருந்தால் இருநூறு போட்டாலும் கட்டுப்படியாகும். 1980களில் எச்.எம்.வி.யின் பிடி தளர்ந்து, ஊருக்கு ஊர் சிறு கேசட்டு நிறுவனங்கள் முளைத்ததை இசை ஆய்வாளர் பீட்டர் மானுவல் 1993இல் வட இந்தியாவை வைத்து எழுதினார். கரிசல் காட்டில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. இது வானம் பார்த்த பூமி. ஐப்பசி மழையை நம்பி விதைத்த மானாவாரி வெள்ளாமை தையிலும் மாசியிலும் வீடு வந்து சேரும். கையில் காசு புழங்கும் பங்குனி முதல் வைகாசி வரை ஊர்ப் பொங்கல்கள். அருப்புக்கோட்டையின் பங்குனிப் பொங்கல் போன்ற பெரிய விழாவுக்குக் கூட்டம் எங்கிருந்தும் வரும். ஆனால் ஒரு சிற்றூர் அம்மன்மேல், அதன் கம்மாயையும் எல்லையையும் பேர் சொல்லிப் பாடிய பாட்டை அடுத்த பிர்க்காக்காரர் ஏன் வாங்கப்போகிறார்? வாங்குபவர் சிலர், விற்கும் காலம் மூன்று மாதம். இந்தக் கணக்கில் நையாண்டி மேளத்தை முழுசாக ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போகக் கட்டாது. ஒரே ஆள் கீபோர்டிலும் ரிதம் பேடிலும் நாயனத்தையும் பம்பையையும் எழுப்பினால் கட்டும். சிறு வெளியீடுதான் மின்னணு ஒலியை இழுத்து வந்தது.

மின்னணு ஒலி வந்ததற்கு அடுத்த காரணம் மைக் செட். வேம்பிலும் கம்பத்திலும் கட்டிய குழாய் ஒலிபெருக்கி அடித்தொனியை விழுங்கிவிடும். உறுமியின் முனகல் அதில் எடுபடாது. கீச்சென்று ஏறும் பெண்குரலும் கூர்மையான கீபோர்டு நாயனமும்தான் காட்டைத் தாண்டிப் போகும். எக்கோவைத் தாராளமாக ஊற்றியதும் அந்தத் தூரத்தை நினைத்துத்தான் என்று தோன்றுகிறது. வீட்டு டேப் ரிக்கார்டரில் அந்த எக்கோ தலைவலி. கேட்க வேண்டிய இடம் அதுவல்ல. தமிழகக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த பால் கிரீன், மைக்கில் கேசட்டு போடுவதே ஒரு வழிபாட்டுச் செயல் என்று 1999இல் எழுதினார். எந்தப் பாட்டு, எந்நேரம், எவ்வளவு சத்தம் என்று தீர்மானிக்கும் மைக் செட்காரர் அந்த இசையின் கடைசிப் படியைச் செய்து முடிப்பவர்.

இதெல்லாம் சிக்கனம்தானே, இதில் சோதனை எங்கே என்று கேட்கலாம். 1976இல் லண்டனில் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் தன் குழுவான த்ராபிங் கிரிஸ்டிலின் மேடை நிகழ்ச்சிகளைக் கேசட்டாகவே விற்றபோது, அங்கும் மலிவு ஒரு காரணம். அவர்கள் தங்கள் நோக்கத்தைப் பேசினார்கள், இவர்கள் பேசவில்லை, வித்தியாசம் பெரிதுதான். ஆனாலும் முளைப்பாரிக் கும்மியின் கைத்தட்டலை ரிதம் பேடில் கொண்டுவர முயன்றவர் முன்மாதிரி இல்லாத வேலையைத்தான் செய்தார். அறிக்கை எழுதவில்லை என்பதற்காக அந்த வேலை இல்லாமல் போகாது.

மேளக்காரர் பிழைப்பு போயிற்றே என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. பதிவுக்கூடத்தில் போனது உண்மை. பாடியவருக்கும் ஒரே தடவைக் கூலியோடு கணக்கு முடிவதே பெரும்பாலும் வழக்கம். ஆனால் சாமி இறங்கவும் முளைப்பாரி ஊர்வலம் போகவும் நேர்மேளம் வேண்டியிருந்தது. ஊர்வலத்தில் கூடவே நடக்கக் குழாயால் முடியாது.

இவ்வளவு நடந்தும் வரலாறு ஏன் இல்லை? அகமதாபாத் நாடாவை ஒரு நிறுவனம் வைத்திருந்தது. இங்கே விவரம் தாங்கியது கேசட்டு உறை ஒன்றுதான். பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தம், தயாரித்தவர் பெயர், முகவரி, முதல் வெளியீட்டு ஆண்டு மூன்றையும் உறையில் போடச் சொன்னது. திருட்டு கேசட்டைத் தடுக்க வந்த அந்த விதியே சிறு நிறுவனங்களுக்கான ஒரே பதிவேடாகவும் ஆகிவிட்டது. பிறகு பாட்டுகளை எம்.பி.3 சிடிக்கும் பென் டிரைவுக்கும் மாற்றியபோது ஒலி மட்டும் அதில் ஏறியது, உறை ஏறவில்லை. இன்று பொங்கலுக்குப் பொங்கல் ஒலிக்கும் பழைய பாட்டுகள் பலவற்றுக்கு ஆண்டும் இல்லை, வாசித்தவர் பெயரும் இல்லை; ஆகவே அவை பழசு என்று சொல்ல முடிகிறதே தவிர, எது எதற்கு முந்தியது என்று சொல்ல முடிவதில்லை.