தீப நாள் சுமையும் சர்வர் வட்டுப் பிரிப்பும்

யூனிக்ஸ் சர்வரின் வட்டை ஏன் துண்டு போட வேண்டும் என்ற கேள்விக்குப் பாடப்புத்தகங்கள் தரும் விடை பழசாகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்ச்சியும் பிடிபி-11 கணினியில் யூனிக்ஸை வளர்த்தபோது, ஒரு வட்டில் சில மெகாபைட்டுக்கு மேல் கொள்ளாது. ரூட் வட்டு நிரம்பியதும், மிஞ்சிய நிரல்கள் பயனர் கோப்புகளுக்கென்று வைத்திருந்த இரண்டாம் வட்டுக்குக் குடிபோயின. இடப்பஞ்சத்தில் பிறந்த ஏற்பாடு அது. டெராபைட் மலிந்துவிட்ட இன்று எல்லாவற்றையும் ஒரே ரூட் பார்ட்டிஷனில் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் பலர். கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் சர்வர்களும் பெரும்பாலும் அப்படியே வருகின்றன. இக்கட்டுரை அந்த ஒற்றைப் பார்ட்டிஷன் வாதத்தை மறுக்கிறது. பழுதை ஓரிடத்தில் கட்டிப்போடுவதே பார்ட்டிஷனின் முதல் வேலை. இடத்தைப் பங்கிடுவது அதற்கு அடுத்ததுதான். ஆகவே அதன் அளவைச் சராசரி நாளை வைத்து முடிவுசெய்தால் பிழையாகும்.

இதற்குத் திருவண்ணாமலை நல்ல உரைகல். பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் பெருகும். கார்த்திகையில் அது பல மடங்காகும். தீபத்தன்று அதிகாலை 4 மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம், மாலை 6 மணிக்கு 2,668 அடி மலையுச்சியில் மகாதீபம். அன்று தரிசனம், பேருந்து, தங்கும் விடுதி என்று ஏதோ ஒன்றைத் தேடி லட்சக்கணக்கான கைபேசிகள் சில தளங்களையே தட்டும். அந்தத் தளங்களின் சர்வர் சென்னையில் இருக்கலாம், மும்பையில் இருக்கலாம். சுமை எந்த வடிவில் வரும் என்பது இந்த ஊரின் பஞ்சாங்கத்தில் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடலாம். சாதாரண நாளில் நொடிக்கு 10 கோரிக்கை, தீபத்தன்று 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் லாக் கோப்பில் 200 பைட் நீளத்தில் ஒரு வரி. சாதாரண நாளில் லாக் 173 மெகாபைட் வளரும். வாரம் ஒருமுறை சுழற்றினால் 10 ஜிகாபைட் பார்ட்டிஷனே தாராளம். தீபத்தன்றோ மணிக்கு 720 மெகாபைட். அதே பார்ட்டிஷன் அதிகாலை 4 மணிக்குக் காலியாக இருந்தாலும் 14 மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதாவது, சரியாக மலையில் தீபம் ஏறும் நேரத்தில்.

நிரம்பியபின் என்ன ஆகும் என்பதில்தான் வாதமே இருக்கிறது. எல்லாம் ஒரே பார்ட்டிஷன் என்றால், லாக் தின்ற இடம் தரவுத்தளத்துக்கும் இல்லாமல் போகும். போஸ்ட்கிரெஸ் தன் பரிவர்த்தனைப் பதிவை எழுத இடமில்லாவிட்டால் தானே நின்றுவிடும். யார் எப்போது வந்தார் என்று குறித்துக்கொண்டிருந்த ஒரு கோப்பு, விற்ற சீட்டின் கணக்கை முடக்கிவிடுகிறது. ‘வார்’ அடைவைத் தனியே பிரியுங்கள் என்று கையேடுகள் சொல்லும் அறிவுரை பாதித் தீர்வே: ரூட் பிழைக்கும், ஆனால் லாக்கும் தரவுத்தளமும் வழக்கமாக அந்த ‘வார்’ அடைவுக்குள்தான் ஒன்றாகக் கிடக்கின்றன. பிரிக்க வேண்டிய கோடு அந்த இரண்டுக்கும் நடுவே ஓடுகிறது.

பிரிவினைக்கு விலை உண்டு; ஊரின் பேருந்து ஏற்பாட்டிலும் அதைப் பார்க்கலாம். தீபத்தன்று வேலூர் சாலை, செங்கம் சாலை, திருக்கோவிலூர் சாலை என்று ஊருக்கு வெளியே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போடுகிறார்கள். ஒன்று நிரம்பி வழியும்போது இன்னொன்றில் இடம் சும்மா கிடக்கலாம். அதற்காக எல்லா வண்டியையும் ஊருக்குள் விடலாம் என்று யாரும் சொல்வதில்லை.

நெருக்கடியில் செய்யும் கைவேலையும் பெரும்பாலும் தப்பாகிறது. நிர்வாகி பதற்றத்தில் பெரிய லாக் கோப்பை ‘ஆர்எம்’ கட்டளையால் அழிப்பார். ‘டியூ’ கட்டளையில் இடம் குறைந்திருக்கும்; ‘டிஎஃப்’ கட்டளையோ இன்னும் 100 விழுக்காடு என்றே காட்டும். வலைச்சர்வர் அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை, பெயர்தான் போகும், இடம் வராது. கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் வெறுமையாக்கினால் இடம் உடனே திரும்பும்.

இடம் இருந்தும் இடமில்லை என்று வரும் பிழை இதைவிடக் குழப்பம். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற குறிப்புப் பதிவு ஒன்று வேண்டும். எக்ஸ்ட்4 கோப்பமைப்பு வழக்கமாக 16 கிலோபைட்டுக்கு ஒரு ஐநோடு ஒதுக்கும்; 10 ஜிகாபைட்டுக்கு 6,55,360. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு செஷன் கோப்பு என்றால், ஒவ்வொன்றும் 4 கிலோபைட் பிடித்து, வட்டின் கால்வாசி நிறையும்போதே ஐநோடு தீர்ந்துவிடும். வேறிடங்களில் அபூர்வமான இந்தக் கோப்பு எண்ணிக்கை, இந்த ஊரின் விழாக் காலத்தில் அபூர்வமில்லை. ரூட் பயனருக்கென்று எக்ஸ்ட்4 ஒதுக்கிவைக்கும் 5 விழுக்காட்டை நம்புவோரும் உண்டு. ரூட் உரிமையில் ஓடும் லாக் நிரல் அதையும் தின்றுவிடும்.

வட்டின் இடத்தை வால்யூம்களாகப் பிரித்து, பின்னர் அளவை மாற்ற விடும் எல்விஎம் வந்தபின் அளவை முன்கூட்டியே முடிவுசெய்யத் தேவையில்லை என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஓரளவு சரி. எக்ஸ்ட்4 வால்யூமை ஓட ஓட நீட்டலாம். ஆனால் சுருக்க வேண்டுமானால் கழற்ற வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் நீளும், சுருக்குவது நடைமுறையில் இல்லை. விழாவுக்காக நீட்டிய லாக் பகுதி விழா முடிந்தும் சுருங்காது. எனவே நீட்டுவதைவிட, ஒதுக்காமல் வைத்த இடத்திலிருந்து விழாவுக்கென்று தனி வால்யூம் ஒன்றை உருவாக்கி, முடிந்ததும் அதை அப்படியே நீக்கிவிடுவது மேல்.

அந்த வால்யூம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்குப் பொதுவிதி கிடையாது. போன தீபத்தின் லாக் ஒன்றே சான்று. இடமில்லை என்று அழிக்கப்படுவதும் அதுதான். நாள் முழுக்க அதே வேகம் என்றாலும் மேற்சொன்ன கணக்கில் அது 17 ஜிகாபைட். லாக் எழுத்துக் கோப்பு என்பதால் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். வேறொரு வட்டில் எடுத்துவைக்க 2 ஜிகாபைட் போதும்.