அரை டிக்கெட்டுக்கும் கீழே

போன மார்கழியில் என் மகள் பாரீசிலிருந்து எட்டு மாதக் கைக்குழந்தையோடு வந்தாள். வந்த களைப்பு தீர்ந்ததும் அவளுடைய பயணச்சீட்டை வாங்கிப் பார்த்தேன். முப்பது வருஷம் அலுவலகத்தில் கோப்பு பார்த்த பழக்கம் விடுமா? மகள் பெயருக்கு நேரே இருக்கை எண் இருந்தது. பேத்தி பெயருக்கு நேரே 'பெபே' என்று மட்டும் இருந்தது. எண் இல்லை. கட்டணம், பெரியவர்களுக்கு உள்ளதில் பத்தில் ஒரு பங்கு.

"பத்து மணி நேரத்துக்கு மேலே எங்கேம்மா வெச்சிருந்தே?" என்றேன்.

"மடியிலதான் அப்பா. வேற எங்கே?"

அந்த 'வேறு எங்கே' என்னை விடவில்லை. விமானத்தில் குழந்தைக்கு இடம் எப்படி வந்தது, ஏன் முழுதாக வரவில்லை என்று சில நாள் படித்தேன். படித்ததைச் சொல்கிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்குக் குழந்தையோடு தூரதேசம் போவது புதிதல்ல. சைகோனில் உத்தியோகம் பார்த்தவர்களும், பட்டாளத்தில் இருந்தவர்களும் குடும்பத்தோடு மெசாஜெரி கம்பெனிக் கப்பல்களில் போனார்கள். நமக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் தள்ளி நிற்கும். சலங்குப் படகில் அலையைத் தாண்டிப் போய் ஏறவேண்டும். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் உட்காரும் அந்த நேரம்தான் தாய்க்கு உயிர் போய் வரும். ஏறிவிட்டால் படுக்க இடம் உண்டு, தூளி கட்டலாம், மேல்தளத்தில் காற்று வாங்கலாம். பயணம் வாரக்கணக்கு, ஆனாலும் குழந்தை குழந்தையாக இருந்தது.

விமானம் வந்தது, வாரங்கள் மணிகளாகின. மும்பையிலிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனலின் முதல் விமானம் 'மலபார் பிரின்சஸ்' 1948 ஜூன் 8ஆம் தேதி புறப்பட்டு, கெய்ரோ, ஜெனீவா வழியாக 10ஆம் தேதி போய்ச் சேர்ந்தது. 1967 ஜூனில் சூயஸ் கால்வாய் மூடப்பட்டு எட்டு வருஷம் திறக்கவேயில்லை. அதற்குள் ஜெட் விமானங்கள் பெருகிவிட்டன. கப்பல் பயணம் பழங்கதையாயிற்று.

தொடக்க கால விமானம் குழந்தைக்கு ஏற்றதாக இல்லை. பெரியவர்களே பயந்தார்கள். அதனால்தான் 1930 மே 15 அன்று அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்த எல்லன் சர்ச் ஒரு நர்ஸ். அவரோடு சேர்க்கப்பட்ட மற்றவர்களும் நர்சுகளே. விமானத்துக்குள் காற்றழுத்தம் காக்கும் வசதி பயணிகள் சேவைக்கு வந்தது 1940இல், போயிங் 307 விமானத்தில். இன்றைக்கும் உள்ளே இருக்கும் அழுத்தம் தரையில் உள்ளது போல் இராது. அதிகபட்சமாக எட்டாயிரம் அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும். கொடைக்கானலைவிடச் சற்று மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது காது அடைக்கும். நாம் எச்சில் விழுங்கிச் சரிசெய்துகொள்வோம். குழந்தைக்குத் தெரியாது, வீறிடும். அந்த நேரத்தில் பால் கொடுத்தால் விழுங்கும், காது திறக்கும். பக்கத்தில் குழந்தை அழுதால் முகம் சுளிப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு தொட்டில் வந்தது. தலைக்கு மேலே சாமான் வைக்கும் தட்டை ஒட்டித் தொங்கவிட்ட பழைய விமானத் தொட்டிலைப் படத்தில் பார்த்தேன். நம் வீட்டுத் தூளிதான், ஆகாயத்தில்! இப்போது முன்வரிசைத் தடுப்புச் சுவரில் மாட்டுகிறார்கள். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் குலுங்கும்போதும் குழந்தையை அதிலிருந்து எடுத்துவிட வேண்டும். அதாவது, ஆபத்து அதிகமுள்ள நேரத்தில் தொட்டில் கிடையாது. மறுபடி மடிதான்.

இதன் விலை 1989 ஜூலை 19 அன்று தெரிந்தது. டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232ஆம் எண் விமானத்தின் வால்புற எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பப் பயன்படும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றும் செயலிழந்தன. விமானிகள் மற்ற இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சூ சிட்டியில் இறக்கினார்கள். இருந்தவர்கள் 296 பேர். பிழைத்தவர்கள் 184 பேர். மடிக்குழந்தைகள் நான்கு. அன்றைய விதி என்ன தெரியுமா? குழந்தையைத் துணியில் சுற்றித் தாயின் காலடியில், தரையில் வைக்க வேண்டும். தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் விதிப்படி அப்படியே சொன்னார். தரையில் மோதியபோது குழந்தைகள் கையில் நிற்கவில்லை. ஒரு குழந்தை இறந்தது.

விதிப்படி செய்தோம், நம்மேல் தப்பில்லை என்று அவர் போயிருக்கலாம். போகவில்லை. குழந்தைகளுக்கும் தனி இருக்கை, தனி வார் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். சுற்றறிக்கையைக் காட்டிப் பொறுப்பைத் தட்டிவிடும் வழக்கத்தை உள்ளேயிருந்து பார்த்தவன் நான். அதனால் அந்த அம்மாளை நினைத்துக் கைகூப்பினேன்.

அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 1990இல் அவர் பக்கமே பரிந்துரை செய்தது. விமானத்துறை நிர்வாகம் ஏற்கவில்லை. அவர்கள் சொன்ன காரணத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தைக்கும் டிக்கெட் கட்டாயமானால் பல குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போகும். சாலையில் சாவு அதிகம். கணக்குப் பார்த்தால் நஷ்டமே என்றார்கள். 2005இல் கட்டாயமாக்கும் யோசனையையே கைவிட்டார்கள். ஐரோப்பாவில் தாயின் வாரோடு கோத்த சிறு வார் ஒன்று குழந்தைக்கும் போடுகிறார்கள். மோதலில் அதுவே வயிற்றை அழுத்தும் என்று அமெரிக்கா அதை அனுமதிப்பதில்லை. ஒரே குழந்தை, இரண்டு சட்டம்.

அந்தக் கணக்கு அவர்கள் ஊருக்குச் சரியாக இருக்கலாம். பாரீசிலிருந்து புதுச்சேரிக்கு யாரும் காரில் வரப்போவதில்லை. நம் வீடுகளில் கணக்கு வேறு. காதுகுத்துக்கு வா, பொங்கலுக்கு வா, கண் மூடுவதற்குள் ஒருமுறை முகம் காட்டு என்று கூப்பிடுகிறவர்கள் நாம். குழந்தையை மடியில் சுமந்துகொண்டு ஓடி வருகிறவர்கள் அவர்கள். மிச்சப்படுகிற பணம் அவர்களுடையது; அந்த மிச்சத்துக்குக் காரணம் நம் அழைப்பு.

மகள் திரும்பும் டிக்கெட்டில் பேத்திக்கு ஓர் இருக்கை வாங்கச் சொன்னேன். "எவ்வளவு ஆகும்னு தெரியுமா அப்பா?" என்றாள். தெரியும் என்றேன். என் மனைவிக்குக் கோபம். "எங்க காலத்துல எல்லாம் மடியிலதான் தூக்கிட்டுப் போனோம், ஒண்ணும் ஆகலையே" என்றாள். நாம் தூக்கிப் போனது கடலூர் பஸ்ஸில் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவளே பீரோவைத் திறந்து, என் பென்ஷன் பாக்கி வந்த கவரை எடுத்து வைத்தாள்.

விமானத்தில் வைக்கலாம் என்று முத்திரை உள்ள கார் சீட் ஒன்று மகளிடம் பாரீசிலேயே இருந்ததாம். வரும்போது எடுத்து வரவில்லை. இங்கே அதுபோல் ஒன்றைத் தேடி வாங்க நான்கு நாள் அலைந்தோம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் போன் செய்தாள்.

"ஏறும்போது ஒரே அழுகை அப்பா. இறங்கும்போது அதுலயே தூங்கிட்டா."

"நடுவுல?"

"நடுவுல மடிதான்."

அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டின் நகலை மட்டும் அனுப்பச் சொன்னேன். பேத்தி பெயருக்கு நேரே ஓர் எண் இருந்தது.