சின்சினாட்டி சுரங்க இரயில்பாதை: கைவிடப்பட்டதன் காரணங்கள்

முன்னுரை

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரின் அடியில் ஏறத்தாழ 2 மைல் நீளமுள்ள இரயில் சுரங்கம் உள்ளது. அதில் ஒருநாளும் பயணிகள் வண்டி ஓடியதில்லை. மோட்டார் வாகனப் பெருக்கமே இத்திட்டத்தை வீழ்த்தியது என்பது பொதுவான கருத்து. அது முழுமையானதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திட்டமும் நிதியும்

பயன்பாடு குன்றிய மயாமி-ஈரி கால்வாயின் படுகையில் இருப்புப்பாதை அமைத்து, அதனை நகரைச் சுற்றி 16 மைல் வளையமாக நீட்டுவதே திட்டம். இதற்கென 60 இலட்சம் டாலர் கடன்பத்திரம் வெளியிட 1916இல் வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். மறு ஆண்டே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதால் பணி தள்ளிப்போயிற்று. 1920இல் பணி தொடங்கியபோது கட்டுமானச் செலவு பெரிதும் உயர்ந்திருந்தது. ஒப்புதல் பெற்ற தொகையோ அப்படியே இருந்தது. வளையம் முற்றுப்பெறும் முன்னரே பணம் தீர்ந்தது.

கைவிடப்பட்ட பின்

சுரங்கத்தின்மேல் அமைந்த சென்ட்ரல் பார்க்வே என்னும் அகன்ற சாலை 1928இல் திறக்கப்பட்டது. 1950களில் சுரங்கத்துள் பெரிய குடிநீர்க் குழாய் பதிக்கப்பட்டது. ஓடாத வண்டிக்கான கடனை நகரம் 1966 வரை அடைத்துவந்தது.

முடிவுரை

மோட்டார் வாகனமும் பெருமந்தமும் இத்திட்டம் மீண்டெழாமைக்குக் காரணங்கள். அது நின்றுபோனமைக்கு, விலையேற்றத்துக்கு இடந்தராத நிதி ஏற்பாடே முதற்காரணம். இவ்விரண்டையும் பிரித்தறியாத வரலாறு, தொழில்நுட்பத்தின்மீது பழிசுமத்தி நிதித் திட்டமிடலைத் தப்பவிடுகிறது.