பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலையில் மசாஜ்

பிறந்த குழந்தையின் உடலை மென்மையாக நீவிவிடும் முறை; மஞ்சள் காமாலைக்கு ஒளிச் சிகிச்சை, தாய்ப்பால் ஆகியவற்றோடு சேர்த்துத் தரப்படும் துணைப் பராமரிப்பு. நிறைமாதக் குழந்தைகளில் சுமார் 60 விழுக்காட்டினருக்கும் குறைமாதக் குழந்தைகளில் சுமார் 80 விழுக்காட்டினருக்கும் முதல் வாரத்தில் காமாலை தோன்றுகிறது.

செயல்படும் விதம்: சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறமியைக் கல்லீரல் மாற்றி, பித்தத்தின் வழியே குடலுக்கு அனுப்புகிறது. பிறந்த குழந்தையின் கல்லீரல் முதிராததால் இப்பணி மெதுவாகவே நடக்கிறது; பிலிருபின் தேங்கிக் காமாலை தோன்றுகிறது. மலம் வெளியேறத் தாமதமானால் பிலிருபினின் ஒரு பகுதி குடலிலிருந்து மீண்டும் இரத்தத்தில் கலக்கும். நீவுதல் வேகஸ் நரம்பைத் தூண்டிக் குடலசைவைக் கூட்டுகிறது என்றும், அதனால் முதல் கருமலம் விரைந்து வெளியேறி மறுஉறிஞ்சல் குறைகிறது என்றும் கருதப்படுகிறது.

முறை: கதகதப்பான அறையில் தலை, மார்பு, வயிறு, கைகால், முதுகு ஆகியவற்றை நீவுவர்; வயிற்றில் கடிகார முள் சுற்றும் திசையில் நீவுவது வழக்கம். பால் குடித்த உடனே செய்வதில்லை. தொப்புள்கொடியை அழுத்தக் கூடாது. குழந்தை அழுதால் நிறுத்த வேண்டும்.

சான்றுகள்: ஈரான், சீனா, துருக்கி போன்ற நாடுகளில் நடந்த ஆய்வுகள் சிலவற்றில் மலம் கழிக்கும் தடவை கூடியதும் பிலிருபின் அளவு ஓரளவு குறைந்ததும் பதிவாகியுள்ளன. ஆயினும் பல ஆய்வுகள் சிறியவை.

வரம்புகள்: 1950களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் உருவான ஒளிச் சிகிச்சைக்கு நீவுதல் மாற்றன்று. பிலிருபின் மிகுந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் தோன்றும் காமாலை, பால் குடிக்க மறுத்தல், மிகுந்த சோர்வு, வெளிறிய மலம் ஆகியவற்றுக்கு உடனடி மருத்துவம் தேவை.