999 வருட பத்திரத்தை யார் பாதுகாப்பது?

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. பென்னிகுயிக் பெயர் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீர் மீது நமக்குள்ள உரிமைக்கு ஆதாரமான பத்திரத்தைப் பற்றி எத்தனை பேர் யோசித்திருப்போம்?

1886 அக்டோபர் 29-ம் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் இடையே குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். காலம் 999 வருடங்கள்! 1895-ல் அணை திறக்கப்பட்டது. 1970-ல் போட்ட துணை ஒப்பந்தத்தில் வாடகை 30 ரூபாய் ஆனது.

சுதந்திரத்தோடு அந்த ஒப்பந்தம் காலாவதியாகி விட்டது என்று கேரளா வாதாடியது. 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 128 வருடம் கழித்தும் அதன் ஒவ்வொரு ஷரத்தையும் படித்து வாதாட முடிந்ததே, அதற்குக் காரணம் யாரோ அதைப் பத்திரமாக வைத்திருந்ததுதான். சென்னை எழும்பூரில் 1909 முதல் இருக்கும் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களின் அருமை இங்கேதான் புரிகிறது.

இப்போதுதான் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறோமே, பிறகென்ன கவலை என்கிறீர்களா? இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 1086-ல் தோலில் எழுதிய 'டூம்ஸ்டே' நிலக் கணக்கை இன்றும் படிக்கலாம். அதன் 900-வது ஆண்டான 1986-ல் பிபிசி, மக்களிடம் தகவல் சேகரித்து லேசர் வட்டில் பதிவு செய்தது. பதினைந்தே வருடத்தில் அந்த வட்டைப் படிக்கும் மெஷின்கள் அரிதாகிவிட்டன. ஆராய்ச்சியாளர்கள் தனியாக மென்பொருள் எழுதித்தான் தகவலை மீட்டார்கள்.

காகிதத்தை ஈரமும் கரையானும் அண்டாமல் வைத்தால் போதும், அது பாட்டுக்கு இருக்கும். டிஜிட்டல் கோப்பு அப்படியில்லை. சில வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து, புதிய வடிவத்துக்கு மாற்றி, வேறு வேறு இடங்களில் நகல் வைக்க வேண்டும். அதற்கு ஆளும் வேண்டும், வருடா வருடம் பணமும் வேண்டும்.

நாங்கள் காமர்ஸில் படிப்பது, கம்பெனி கணக்குப் புத்தகங்களை 8 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று. இந்தக் குத்தகையோ 2884 வரை! ஸ்கேன் செய்தால் கம்பத்தில் உட்கார்ந்தே படிக்கலாம், அது பெரிய வசதி. அதற்காக மூலப் பத்திரத்தைக் கைவிட்டால், அடுத்த வழக்கில் எதைக் காட்டுவோம்?

உங்கள் வீட்டு நிலப் பத்திரத்துக்கும் இதே கதைதான் நண்பர்களே. செல்போனில் போட்டோ எடுத்தாச்சு என்று அசலைத் தொலைத்துவிடாதீர்கள்.