மாதிரிப் புகையிரதமும் நிலையக் கட்டடத் தெரிவும் – ஒரு வரலாற்று நோக்கு

கட்டடங்கள் வரலாற்றுச் சான்றுகள் என்பதை மறுப்பார் இலர். ஆயின், எக்கட்டடத்தின் நினைவு எஞ்ச வேண்டும் என்பதை முடிவுசெய்பவர் யார்? அரசரும் சமய நிறுவனங்களும் தொல்பொருளியலாளருமே என்று பொதுவாக விடையிறுப்போம். பிரித்தானியப் புகையிரத வரலாற்றிலோ இவ்வினாவுக்கு எதிர்பாராத ஒரு விடையும் உண்டு. வீட்டின் ஓர் அறையில், மேசைமீது மாதிரிப் புகையிரதம் ஓட்டி மகிழ்ந்த பொழுதுபோக்காளரும் அம்முடிவிற் பங்குகொண்டனர். அவர்கள் எத்தகைய நிலையங்களைத் தம் மாதிரிக்குத் தெரிந்தெடுத்தனர், அத்தெரிவால் வரலாறு பெற்றதும் இழந்ததும் யாவை என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தெரிவை முதலில் நிருணயித்தது அழகன்று, இடமே. பிரித்தானியாவிற் பெருவழக்கான அளவுத்திட்டத்தில் உண்மைப் பொருளின் ஓர் அடி, மாதிரியில் 4 மில்லிமீற்றராகும். இக்கணக்கின்படி ஒரு மைல் நீளமான பாதைக்கு 21 மீற்றருக்கு மேற்பட்ட இடம் வேண்டும். 1868 இல் திறக்கப்பட்ட இலண்டன் சென் பங்கிராஸ் நிலையத்தில் டபிள்யூ. எச். பார்லோ அமைத்த இரும்புக் கூரை ஏறத்தாழ 690 அடி நீளமும் 240 அடி அகலமும் கொண்டது. அக்கூரை மட்டுமே மாதிரியில் இரண்டேமுக்கால் மீற்றர் நீளமும் ஏறக்குறைய ஒரு மீற்றர் அகலமும் கொள்ளும். அதற்கு அப்பால் தண்டவாளங்களுக்கு இடம் ஏது? எனவே, பெருநிலையங்கள் பெரும்பாலும் விலக்கப்பட்டன. நாட்டுப்புறக் கிளைப்பாதைகளின் முடிவில் அமைந்த சிறு நிலையங்கள் தெரிவாயின. 'றெயில்வே மொடலர்' சஞ்சிகையின் ஆசிரியராக விளங்கிய சி. ஜே. பிறீசர் 1950 களில் இத்தெரிவைப் பரவலாக்கியோருள் முதன்மையானவர்.

அவ்வாறு புகழ்பெற்ற நிலையங்களுள் தலையாயது டெவன் பகுதியிலுள்ள அஷ்பேட்டன் ஆகும். ரொட்னஸ் என்ற ஊரிலிருந்து ஏறத்தாழ 9½ மைல் செல்லும் இக்கிளைப்பாதை 1872 மே 1 ஆம் திகதி அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. 1892 இல் இன்றைய நியம அகலத்துக்கு மாற்றப்பட்டது. அஷ்பேட்டனில் இருந்தது ஒரேயொரு மேடை. அம்மேடையையும் அதனருகே வந்து நிற்கும் வண்டியையும் ஒருங்கே மூடிய மரக்கூரை அதன் தனிச்சிறப்பு. பண்டங்களுக்கு ஒரு கொட்டகை, இயந்திரத்துக்கு ஒரு கொட்டகை. சிறிய இயந்திரமொன்று ஓரிரு பெட்டிகளை இழுத்துவந்தது. புகையிரத நிலையமொன்றின் தொழிற்பாடுகள் பெரும்பாலும் ஒரு பலகையில் அடங்கின. மாதிரி செய்வோருக்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

ஆயின், மாதிரிகள் பெருக நிலையமோ தேய்ந்தது. 1958 நவம்பரிற் பயணிகள் சேவையும் 1962 இற் பண்டச் சேவையும் நின்றன. அதற்கடுத்த ஆண்டில் வெளியான றிச்சாட் பீச்சிங்கின் அறிக்கை நாடெங்கும் 2,363 நிலையங்களை மூடுமாறு விதந்துரைத்தது. ஆர்வலர்கள் முயன்று இக்கிளைப்பாதையின் ஒரு பகுதியை 1969 இல் மீண்டும் இயக்கினர். அதனைச் சம்பிரதாயபூர்வமாகத் திறந்துவைத்தவர் அதே பீச்சிங் என்பது வரலாற்றின் முரண்நகை. எனினும், அஷ்பேட்டன் வரையான இறுதிப் பகுதி 1971 இல் நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு இரையாயிற்று. அந்நிலையத்துக்கு வண்டி வருவது மாதிரிகளில் மட்டுமே என்றாயிற்று.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியமாகும். மேசைக்கு அடங்கியது என்பதால் ஒரு நிலையம் முதன்மை பெற்றது; முதன்மையானது என்பதால் தெரிவாகவில்லை. மாதிரிகளை மட்டும் கண்டு பிரித்தானியப் புகையிரதத்தை அறிய முனைபவர், அது கிராமத்துச் சிறுவண்டிகளாலேயே இயங்கியது என மயங்கக்கூடும். அன்றியும், இடங்கருதி மேடையைக் குறுக்குவதும் பலவூர்க் கட்டடங்களை ஓரிடத்திற் கூட்டுவதும் வழக்கமாகும். ஜோன் ஆகேண் அமைத்த 'மடர் பள்ளத்தாக்கு' கற்பனை நிலமேயாயினும், அதிலுள்ள கட்டடங்கள் பல உண்மையானவற்றின் படிகளாம். இதற்கு மாறாக, றோய் இங்கிலண்ட் 1954 இல் நிறுவிய பெண்டன் அரும்பொருட்சாலை, மறைந்துவரும் கிராம வீடுகளை அளந்து அவ்வாறே செய்தலைக் கொள்கையாகக் கொண்டது. முன்னையது கலை, பின்னையது கலையோடு சான்றும் ஆகும்.

இவ்விரண்டையும் பிரிப்பது அளவுநாடாவே. மாதிரி செய்ய வேண்டுமாயின் கதவின் உயரத்தையும் கூரையின் சரிவையும் செங்கல் வரிசையையும் ஒருவர் நேரிற் சென்று குறித்தாக வேண்டும். கட்டடம் வீழ்ந்த பின்னரும் அக்குறிப்பு நிற்கும். எமது வடபுலத்தில் 1902 மார்ச் 11 ஆம் திகதி காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே முதல் வண்டி ஓடியது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது. 2014 ஒக்ரோபரில் மீண்டது. புதிய நிலையங்கள் எழுந்தமை மகிழ்ச்சிக்குரியது. ஆனால் பழையவற்றின் வாயிலையும் மேடையையும் அளந்தெழுதிய ஏடே அவற்றை எமக்கு மீட்டுத் தரவல்லது. நாட்டின் பிற பாதைகளில் முன்னைய நூற்றாண்டின் சிறு நிலையங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றை வரலாற்று மாணவர் ஒருவர் ஒரு நாடாவும் குறிப்பேடும் கொண்டு அளக்கத் தொடங்கலாம். மாதிரி செய்வார் பின்னர் வரட்டும்; சான்று முன்னர் வேண்டும்.